பதினான்கு நாள் எல்லை பிறந்த கதை

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உடலுக்கு வெளியே கருவாகிப் பிறந்த முதல் குழந்தை. பிள்ளைக்காக ஏங்கியவர்களுக்கு அது பெரும் வரம். ஆனால் கருப்பைக்குள் வைக்கப்படாமல் மிஞ்சும் கருக்களை என்ன செய்வது? அவற்றை வைத்து ஆய்வு நடத்தலாமா?

பிரிட்டிஷ் அரசு 1982இல் ஒரு குழுவை அமைத்தது. டாக்டர்களோடு வழக்கறிஞர்களும் இறையியல் அறிந்தவர்களும் அதில் இருந்தார்கள். தலைமை ஏற்ற மேரி வார்னாக் தத்துவம் படித்தவர். உயிர் எப்போது தொடங்குகிறது என்று விவாதித்தால் முடிவே வராது என்பதைப் புரிந்துகொண்டவர். எதுவரை அனுமதிக்கலாம் என்பதைத்தான் அவர் குழுவின் கேள்வியாக்கினார்.

விடைக்கு வழிகாட்டியவர் குழுவிலிருந்த கருவளர்ச்சி அறிவியலாளர் ஆன் மெக்லாரன். முதல் இரண்டு வாரங்களில் கருவின் செல்களில் பெரும்பகுதி நஞ்சுக்கொடியாகவும் உறையாகவும் மாறப்போகிறவை. ஒரே கரு பிரிந்து இரட்டையராகவும் கூடும். ஏறத்தாழ 15ஆம் நாளில்தான் அதில் மெல்லிய கீற்று ஒன்று தோன்றுகிறது. அதன் பிறகே தலை எது, வால் எது என்ற திசை பிறக்கிறது. நரம்பு மண்டலம் உருவாவதும் அதற்கு அப்புறம்தான். ஆகவே 14 நாள். நாளை யாராலும் எண்ண முடியும், சட்டத்தில் எழுதவும் முடியும் என்பதால் வார்னாக் அதை உறுதியாகப் பற்றிக்கொண்டார்.

1984இல் அறிக்கை வந்தபோது குழுவிலேயே மூவர் கரு ஆய்வே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுத்தவர்களின் குரலையும் அதே அறிக்கையில் அச்சிட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். அடுத்த ஆண்டு உறுப்பினர் ஈனாக் பவல் கொண்டுவந்த கரு ஆய்வுத் தடை மசோதாவுக்கு நாடாளுமன்றத்தில் 238 பேர் ஆதரவு, 66 பேர் எதிர்ப்பு. நேரம் போதாமல்தான் அது விழுந்தது. விஞ்ஞானிகள் விழித்துக்கொண்டார்கள். பரம்பரை நோயால் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் அவர்களோடு சேர்ந்து உறுப்பினர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். 1990இல் கரு ஆய்வுக்கு ஆதரவாக 364 வாக்குகள், எதிராக 193. எல்லை சட்டமானது.

1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார். அவை எடுக்கப்படும் கருவுக்கு வயது ஐந்தாறு நாள்தான், எல்லைக்குள் அடங்கியது. பார்க்கின்சன் போன்ற கடும் நோய்களுக்கான ஆய்வையும் அனுமதித்து பிரிட்டன் 2001இல் விதியை விரித்தது. அதே ஆண்டு அதிபர் புஷ் அமெரிக்காவில் இத்தகைய ஆய்வுக்கான மத்திய அரசு நிதிக்குக் கடிவாளம் போட்டார். இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலும் 14 நாளையே ஏற்றிருக்கிறது.

2016 வரை அந்த எல்லையை நெருங்கும் திறமையே ஆய்வகங்களுக்கு இல்லை. அந்த ஆண்டு நியூயார்க்கிலும் கேம்பிரிட்ஜிலும் கருக்கள் 13 நாள் அளவுக்கு வளர்ந்தன, விதிக்காக நிறுத்தினார்கள். 2021இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் 14 நாளைத் தாண்டக் கூடாது என்ற தன் தடையைத் தளர்த்திவிட்டது. எல்லையை நகர்த்த மருத்துவக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் விஞ்ஞானிகள் மட்டும் கூடி அதை முடிவுசெய்யக் கூடாது. மறுப்பவர்களையும் உட்காரவைத்துப் பேசித்தான் நகர்த்த வேண்டும்.