வெண்கோலும் குழந்தையும்: ஒரு தாமதத்தின் வரலாறு

பார்வையற்றோர் கோலூன்றி நடப்பது மிகப் பழைய வழக்கம். ஆனால் அந்தக் கோலின் நீளத்தை வரையறுத்து, அதை வீசி நடக்கும் முறையை வகுத்து, அதைக் கற்பிக்கவென்றே ஆசிரியர்களைப் பயிற்றுவித்த தொழில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அமெரிக்காவில் உருவாயிற்று. அது உருவான பின்னரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பார்வையற்ற சிறு குழந்தைகளுக்கு அக்கோல் பொதுவாக வழங்கப்படவில்லை. பதின்பருவத்தை எட்டிய பிறகே அதைக் கையில் கொடுப்பது பெரும்பாலான பள்ளிகளின் நடைமுறையாக இருந்தது. இதற்குக் குழந்தையின் உடல் வளர்ச்சியே காரணம் எனச் சொல்லப்பட்டுவந்தது. உண்மையான காரணத்தை அத்தொழில் பிறந்த சூழலில் தேடுவதே பொருந்தும்.

கோல் முதலில் வெண்மை பெற்றது பார்வையுள்ளவர்களின் பொருட்டே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் விபத்தொன்றில் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்ற ஒளிப்படக் கலைஞர், தம் வீட்டைச் சுற்றிப் பெருகிய ஊர்திகளின் ஓட்டுநர்கள் தம்மைக் காணவேண்டும் என்பதற்காக 1921இல் தம் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசினார். 1930இல் அமெரிக்காவின் பியோரியா நகரம் வெண்கோல் ஏந்தியவருக்குச் சாலையில் முன்னுரிமை வழங்கி விதியொன்றை இயற்றியது. 1931இல் பாரிஸில் கில்லி தெர்பெமோன் என்ற பெண்மணி பார்வையற்றோருக்கு வெண்கோல் வழங்கும் இயக்கத்தைத் தொடங்கினார். இவை யாவற்றிலும் கோல் ஓர் அடையாளமே. முன்னால் இருப்பது என்ன என்பதை ஏந்தியவருக்கு அறிவிக்கும் கருவியாக அது இன்னும் மாறவில்லை.

அந்த மாற்றம் போரின் விளைவு. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த படைவீரர்கள் சிகிச்சை பெற்ற, பென்சில்வேனியா மாநிலத்து வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையில் 1944இல் பணியாற்றிய ரிச்சர்ட் ஹூவர், உடல் எடையைத் தாங்கும் குட்டையான ஊன்றுகோலைக் கைவிட்டு, மார்பளவு உயரமுள்ள, எடை குறைந்த நீண்ட கோலை அறிமுகப்படுத்தினார். தோள்களின் அகலத்தைவிடச் சற்றே விரிந்த வளைவில் கோலின் நுனி இடமும் வலமுமாக மாறி மாறி நிலத்தைத் தொடும். வலக்கால் முன்செல்லும்போது நுனி இடப்புறத்தைத் தொடுவதால், இடக்கால் அடுத்துப் பதியவிருக்கும் இடம் முன்கூட்டியே சோதிக்கப்பட்டுவிடும். பள்ளமும் படியும் தடையும் காலுக்கு முன் கைக்குத் தெரியவரும் இம்முறையே இன்றளவும் கோல் நடையின் அடிப்படை. ஹூவர் படையில் சேருமுன் மேரிலாந்தில் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் என்பதையும், அம்முறை பிள்ளைகளிடம் போய்ச் சேர அவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வியப்பே மிஞ்சுகிறது.

1948இல் சிகாகோவுக்கு அருகிலுள்ள ஹைன்ஸ் மருத்துவமனையில், போரில் பார்வையிழந்தவரான ரசல் வில்லியம்ஸ் தலைமையில் படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. நடமாட்டப் பயிற்சி, அதாவது தான் நிற்கும் இடத்தையும் திசையையும் உணர்ந்து துணையின்றி நடந்து செல்லும் திறன், அங்கேதான் ஒழுங்கான பாடத்திட்டமாயிற்று. மாணவர்கள் அனைவரும் பல ஆண்டுகள் கண்ணால் உலகைக் கண்டு, நடந்து, ஓடி, தெருவின் அமைப்பை மனத்தில் பதித்திருந்த வளர்ந்த ஆண்கள். ஆகவே பார்வையின்மை என்பது இழப்பு என்றும், பயிற்சி என்பது இழந்ததை மீட்பது என்றும் அத்துறை எண்ணியது இயல்பே. அவ்வெண்ணத்தின் முழு வடிவத்தைப் பாஸ்டன் நகரத்துப் பாதிரியார் தாமஸ் கேரல் 1961இல் வெளியிட்ட நூலில் காணலாம். பார்வை போனால் நேரும் இழப்புகளை அவர் இருபதாக எண்ணி வகைப்படுத்தினார். பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அது எதையும் இழக்கவில்லை, இனித்தான் யாவற்றையும் அடையவேண்டும்.

அதே காலத்தில் அத்தகைய குழந்தைகள் பெருந்தொகையாக வளர்ந்துகொண்டிருந்தனர். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் விழித்திரையில் இரத்த நாளங்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோயைப் பாஸ்டனின் தியோடர் டெரி 1942இல் விவரித்தார். சிசுக்களைக் காக்கும் வெப்பப் பேழைகளில் அளவின்றிச் செலுத்தப்பட்ட ஆக்சிஜனே இதற்குக் காரணமாகலாம் என 1951இல் மெல்போர்னைச் சேர்ந்த கேட் கேம்பல் சுட்டிக்காட்ட, 1953இல் தொடங்கிய அமெரிக்கக் கூட்டாய்வு அதை உறுதிப்படுத்தியது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வையிழந்திருந்தனர். அமெரிக்காவில் அவர்களுள் பலர் விடுதிப் பள்ளிகளுக்குச் செல்லாமல் உள்ளூர்ப் பள்ளிகளிலேயே படித்தனர். நடமாட்டப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பட்டப்படிப்பு 1960இல் பாஸ்டன் கல்லூரியில் தொடங்கியபோது, அதன் பாடமோ ஹைன்ஸ் மையத்து முதிர்ந்தோருக்கான பாடத்தின் வழித்தோன்றலாகவே இருந்தது.

எனவே குழந்தைக்குக் கோலுக்கு முந்தைய திறன்களே போதிக்கப்பட்டன: பார்வையுள்ளவரின் முழங்கையைப் பற்றி நடத்தல், சுவரைத் தடவியபடி செல்லுதல், முகத்துக்கு முன் கையை மறித்து வைத்துக்கொள்ளுதல். காலடிக்கும் வீச்சுக்கும் இசைவு வராத வயதில் கோல் கொடுத்தால் தவறான பழக்கம் படிந்துவிடும், பிற பிள்ளைகளை அடித்துவிடும் என்பன கூறப்பட்ட காரணங்கள். முதிர்ந்தவரின் முறையை அளவுகோலாக வைத்தால் மூன்று வயதுக் குழந்தை தேறாது என்பது உண்மைதான். அளவுகோல் சரிதானா என்று கேட்பவர்தான் அரிதாக இருந்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில் அக்குழந்தை பிறர் கையைப் பிடித்தே நடக்கும். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதை அந்தக் கையே முடிவு செய்யும்.

இதன் விலை என்ன என்பதை மிச்சிகனில் பார்வையற்ற சிசுக்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துச் செல்மா ஃப்ரைபெர்க் 1977இல் வெளியிட்ட நூலிலிருந்து ஓரளவு அறியலாம். உட்காருவதிலும் நிற்பதிலும் அச்சிசுக்கள் பெரிதாகப் பின்தங்கவில்லை. தவழ்வதிலும் தாமாக நடப்பதிலுமே பின்தங்கினர். எட்டிப் பிடிக்கத் தூண்டும் பொருள் கண்ணில் படாததால் முன்னே செல்லவேண்டிய காரணம் அவர்களுக்குப் புலப்படவில்லை. கைக்கு அப்பால் உலகம் உண்டு என்று காட்டும் ஏதோவொன்று அந்த வயதிலேயே தேவைப்பட்டது.

அத்தேவைக்கான விடை, அதாவது சிறு வயதிலேயே கோல் என்பது, தொழில் வல்லுநர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. 1940இல் ஜேக்கபஸ் டென்புரூக் தலைமையில் பார்வையற்றோர் தாமே அமைத்த தேசியக் கூட்டமைப்பும், 1983இல் அதனுள் உருவான பெற்றோர் பிரிவும் அதை முன்தள்ளின. நடமாட்டப் பயிற்சி பயின்றும், தாம் பார்வையற்றவர் என்பதால் தொழிற்சான்று மறுக்கப்பட்ட ஃபிரெட் ஷ்ரோடர், 1980களில் நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்கி நகரப் பள்ளிகளில் சிறு பிள்ளைகளின் கையில் கோலைக் கொடுத்தார். 1989இல் மழலைப் பருவத்திலேயே கோல் பழகலாம் என வாதிட்ட போக்ரண்ட், ரோசன் ஆகியோரின் கட்டுரை துறையின் ஆய்விதழிலேயே வெளிவந்தது. மற்றொரு சாரார் நடுவழி கண்டனர்: நெகிழிக் குழாய்களைச் சட்டமாக இணைத்து, நம் நடைவண்டியைப் போலக் குழந்தை இரு கைகளாலும் தள்ளிச் செல்லும் கருவிகளைச் செய்து, கோலுக்கு முன்படியாக வழங்கினர்.

குழந்தைக்கு நேரே கோலைக் கொடுப்போர் கடைப்பிடித்த முறை எளிமையானது. மார்பையோ மோவாயையோ எட்டும் உயரத்தில் இலேசான கோல் நடை தொடங்கியவுடன் தரப்படுகிறது. வளைவும் காலடி இசைவும் வற்புறுத்தப்படுவதில்லை. குழந்தை அதைத் தட்டும், இழுக்கும், எறியும். கம்பளத்துக்கும் கல்தரைக்கும் ஒலியிலும் உரசலிலும் உள்ள வேறுபாட்டையும், படியின் விளிம்பில் நுனி சட்டென இறங்குவதையும் அது தானே கண்டறியும். இசைவு பிறகு பழக்கத்தால் கூடும். நியூ ஜெர்சியில் பல்லாண்டுகள் மழலைகளுக்குப் பயிற்றுவித்த ஜோ கட்டர், 2007இல் வெளியிட்ட நூலில் பெற்றோரையே முதல் ஆசிரியராக முன்னிறுத்தினார். வாரத்தில் சிறிது நேரம் வரும் பயிற்சியாளரைவிட வீட்டிலிருக்கும் தாய்க்கு அதிக வாய்ப்புண்டு என்பதால், இது இந்த வரலாற்றின் மிகத் தெளிவான முடிவு எனலாம். குழந்தை நாற்காலியில் இடித்துக்கொள்ளும்போது ஓடிப்போய்த் தூக்காமல் நிற்பது அத்தாய்க்குக் கடினமான பாடமாகவே இருந்திருக்கும்.

சட்டமும் பின்தொடர்ந்தது. அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தின் 1986ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சட்டத்தின் சேவைகளைப் பிறந்த சிசுக்கள் வரை விரித்தது; 1997இன் திருத்தம் நடமாட்டப் பயிற்சியைப் பள்ளிகள் வழங்கவேண்டிய சேவைகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. கோல் மார்பளவா மோவாயளவா, நுனி உலோகமா நைலானா, நடைவண்டி போன்ற கருவி தேவையா என்பவற்றில் ஆசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.