குழந்தைகளின் இரவுடையும் அறை வெப்பநிலையும் (மலையகம்)

குழந்தைகளின் இரவுடைத் தேர்வு என்பது, பிள்ளை உறங்கும் அறையின் வெப்பநிலையைப் பார்த்து உடையின் வகையையும் அடுக்குகளையும் முடிவு செய்வதாகும். நுவரெலியா மாவட்டத்தின் பூண்டுலோயா போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இது பச்சிளம் பிள்ளையின் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. இங்கே குளிர் மட்டுமல்ல, குளிருக்குப் பயந்து அளவுக்கு மீறிப் போர்த்துவதும் ஆபத்தே.

இடமும் குளிரும்

1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ். பூண்டுலோயா அதைவிடத் தாழ்ந்தது; ஆகவே குளிரும் சற்றுக் குறைவு. 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.65 பாகை குறையும். ஒரே தோட்டத்தில் மேற்கணக்குக்கும் (மேற்பிரிவு) கீழ்க்கணக்குக்கும் (கீழ்ப்பிரிவு) 300 மீட்டர் வித்தியாசம் இருந்தால், குளிரில் 2 பாகை வேறுபாடு வந்துவிடும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை மேகமில்லாத இரவுகளில் குளிர் கூடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்து வாட்டும்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையான லயன் காம்பராவின் தகரக் கூரை வெப்பத்தைத் தேக்கி வைக்காது. நண்பகலில் சுட்டெரிக்கும், இரவில் விரைந்து குளிரும். மாலையில் அடுப்பெரியும்போது கதகதப்பாக இருக்கும் காம்பரா, நெருப்பு அணைந்து விடியும் முன் நன்றாகக் குளிர்ந்துவிடும். இரவு எட்டு மணிக்குப் பொருந்திய உடை அதிகாலை நான்கு மணிக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

குழந்தையின் உடல்

எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு அதிகம். அதனால் வெப்பம் விரைவாக வெளியேறும். பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடேறவும் இயலாது. பழுப்புக் கொழுப்பை எரித்தே வெப்பம் உண்டாக்குகிறது. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கொழுப்பு குறைவு. இலங்கையில் எடை குறைந்த பிறப்புகளின் விகிதம் தோட்டப் பகுதிகளில் அதிகம் என்பதால், இங்கே கூடுதல் கவனம் தேவை.

உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 பாகை வரை இருப்பது இயல்பு. பிரசவ அறை 25 முதல் 28 பாகை வரை இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறைந்த பிள்ளையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. எந்தக் கம்பளியை விடவும் நம்பகமான வெப்பம் அது.

மறுபுறம், அதிகச் சூடு குழந்தையின் திடீர் மரண அபாயத்தைக் கூட்டுகிறது. முகத்தை மூடக்கூடிய தளர்ந்த போர்வையும் அவ்வாறே.

அளவீடு

துணியின் வெப்பத் தடையை அளக்கும் ‘டொக்’ என்ற அலகு 1940களில் இங்கிலாந்தின் ஷேர்லி நிறுவனத்தில் உருவானது. இருபுறமும் 1 பாகை வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் துணி வழியே 10 வாட் வெப்பம் கடந்தால் அதன் மதிப்பு 1 டொக். குழந்தைக்கு அணிவிக்கும் பை போன்ற உறக்க உடையான தூக்கப்பைகளில் இந்த எண்ணைக் காணலாம். பொதுவான வழிகாட்டல் இது:

24–27 பாகை: 0.5 டொக், அல்லது மெல்லிய பருத்திச் சட்டை.
20–24 பாகை: 1 டொக், உள்ளே பருத்தி உடை.
16–20 பாகை: 2.5 டொக், உள்ளே முழுக்கைச் சட்டையும் காலை மூடும் உடையும்.

தூக்கப்பை இல்லாத வீட்டில் அடுக்குகளே கணக்கு. அதே அறையில் பெரியவர் ஒருவர் வசதியாக உணர எத்தனை அடுக்கு வேண்டுமோ, அதைவிட ஒன்று கூடுதல் போதும். அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது. ஆகவே ஒரே தடித்த உடையை விட இரண்டு மெல்லிய உடைகள் நல்லவை; ஒன்றைக் கழற்றுவதும் எளிது.

காம்பராவில் கடைப்பிடிக்க வேண்டியவை

மழைக்காலத்தில் அடுப்பின் மேல் கயிறு கட்டிச் சட்டைகளை உலர்த்துவார்கள். மேலே உலர்ந்தாலும் தையலோரங்களில் ஈரம் நிற்கும். உடுத்தும் முன் அங்கே தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரத் துணி வெப்பத்தை உறிஞ்சிவிடும். நனைந்த நெப்கினை இரவிலும் உடனே மாற்ற வேண்டும். சேலைத் தொட்டிலின் துணி இருபக்கமும் சூழ்வதால் அதுவும் ஓர் அடுக்குக்குச் சமம். ஆனால் மல்லாந்து படுக்கச் சமமான, உறுதியான படுக்கையே பாதுகாப்பானது. சூடேற்றக் கரி நெருப்பை உள்ளே வைப்பது உயிருக்கே உலை. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

கையும் காலும் சில்லென்றிருப்பது இயல்பு. அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட வேண்டும். வியர்த்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். குளிர்ந்திருந்தால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உறங்கும்போது தொப்பி வேண்டாம்; அது முகத்தில் சரியலாம், தலைவழி வெப்பம் வெளியேறுவதையும் தடுக்கும். பிறந்த முதல் நாட்களிலும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் அறிவுரையே வழி.

விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகும் தாய், போர்த்திய பிள்ளையைத் தோட்டத்தின் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விடும்போது வெளியுடையைக் கழற்றிவிட்டே உறங்க வைக்க வேண்டும். உடலே குளிர்ந்து, சோர்ந்து, பால் குடிக்க மறுக்கும் பிள்ளையைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். போகும் வழியெல்லாம் தாயின் மார்போடு அணைத்திருக்க வேண்டும்.