பாட்டன் ஊர் எது?

மன்னர் வரலாற்றைக் கல்வெட்டுகள் காத்தன. புலவர் வரலாற்றை ஏடுகள் காத்தன. மலாயாவின் பால்மரக் காடுகளில் உழைத்து மடிந்த தமிழரின் வரலாற்றைக் காப்பது எது? பெரும்பாலும் அவர்தம் குடும்பத்தாரின் நினைவு ஒன்றே. அந்நினைவோ மூன்று தலைமுறைக்கு மேல் நிலைப்பது அரிது. "பாட்டன் ஊர் எது?" என்று கேட்டால், "இந்தியா" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாத இளைஞர் இன்று பலர்.

ஆயினும் மறந்த ஊரைக் கண்டறிய வழிகள் உண்டு. சஞ்சிக்கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்ட பின்னர்க் கங்காணி முறையே ஓங்கி நின்றது. 1938-இல் இந்திய அரசு விதித்த தடையால் அதுவும் முடிவுற்றது. கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் அண்டை ஊர்களிலுமே ஆள் சேர்த்தார். ஆகவே, பாட்டன் எந்தக் கங்காணியின் ஆள், உடன் வந்தோர் யாவர் என்று தெரிந்தால், ஊரை நெருங்கிவிடலாம். குலதெய்வத்தின் பெயர் மற்றொரு சான்று. ஊர்ப்பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வத்தை மறவாதிருப்பதுண்டு. அத்தெய்வத்தின் கோயில் இருக்கும் இடமே முன்னோர் வாழ்ந்த வட்டாரத்தைக் காட்டக்கூடும்.

முதியோர் ஆண்டைச் சொல்லார், நிகழ்ச்சியைச் சொல்வர். "ஜப்பான்காரன் வருவதற்கு முன்" என்றால், அது 1941 டிசம்பருக்கு முந்திய காலம். "அவசரகாலம்" என்றால் 1948 முதல் 1960 வரை. "சயாமுக்கு ஆள் பிடித்தபோது" என்றால் மரண இரயில்பாதை போடப்பட்ட 1942, 1943-ஆம் ஆண்டுகள். அங்குச் சென்று மீளாத தந்தையரோடு எத்தனையோ குடும்பங்களின் ஊர்ப்பெயரும் உறவுமுறையும் மறைந்தன.

சொன்னதை ஏட்டோடு ஒப்பிடுதல் வேண்டும். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவை உதவும். ஆனால் எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதியமையால் ஒரே பெயர் பலவாறு திரிந்திருக்கும். தோட்டத்திற்கும் இரு பெயர் உண்டு: துரைமார் ஏட்டில் ஒன்று, தொழிலாளர் வாயில் மற்றொன்று. இரண்டையும் சேர்த்தே குறித்து வைக்க வேண்டும். ஒன்றை விட்டால் பின்வருவோர் வழி தவறுவர்.

தோட்டங்கள் பல விற்கப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன. அவற்றை அறிந்தோரும் குறைந்து வருகின்றனர். ஆகையால் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, வீட்டு முதியோர் சொல்வதை அவர் சொன்னவாறே, நாளிட்டு எழுதச் செய்வாராக. பாட்டியிடம் இன்று கேளாததை நாளை யாரிடம் கேட்பது?