பழவேற்காட்டு யாத்திரை

நமது சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களிற் பல, இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் துறைமுக வேலையையும் ஆலை வேலையையும் பற்றி வாழ்ந்து வருகின்றன. விடுமுறை நேர்ந்தால் நம்மவர் மாமல்லபுரத்துக்கும் காஞ்சிக்குமே புறப்படுவர். வடதிசையில், 40 மைலுக்குட்பட்ட தொலைவில், தமிழ்நாட்டின் எல்லையருகே, சென்னப்பட்டணத்துக்கு மூத்த பட்டினமொன்று கிராமமாய்ச் சுருங்கிக் கிடப்பதை அறிந்தவர் சிலரே. அதுவே பழவேற்காடு.

திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து கிழக்கே சுமார் 12 மைல். முன்னோர் இவ்வழியைக் கால்வாயிற் படகேறிக் கடந்தனர். சென்னையிலிருந்து எண்ணூர்வரை 1806-இல் வெட்டப்பெற்று, பின்னர் வடக்கே நீட்டப்பெற்ற அக்கால்வாயே இன்று பக்கிங்காம் கால்வாய் எனப்படுவது.

விஜயநகர மன்னர் காலத்திலேயே இவ்வூர் பேர்பெற்ற துறை. போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் வந்து தங்கினர். பின்னர் உலாந்தாக்காரர் என்று நம்மவர் வழங்கும் டச்சுக்காரர், 1610-ஆம் வருஷத்தில் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றுப் பண்டகசாலை அமைத்தனர். மயிலாப்பூரிலிருந்த போர்த்துக்கீசியர் 1612-இல் அதனைத் தாக்கி அழிக்கவே, மறுவருஷம் நாற்புறமும் கொத்தளங்களோடு கோட்டை எழுந்தது. தம் தேசத்துக் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டனர். 1690 வரை சோழமண்டலக் கரையிலுள்ள டச்சுக்காரரின் வியாபாரத்துக்கெல்லாம் இதுவே தலைமைப்பதி.

ஆங்கிலேயரும் இங்கே காலூன்ற முயன்றனர். 1619-இல் ஐரோப்பாவிற் செய்த உடன்படிக்கையின்படி பங்கு பெற்று வந்தும், டச்சுக்காரரோடு ஒத்துவாழ இயலாது விலகினர். 1626-இல் வடக்கே துர்க்கராஜபட்டினத்தில் ஒதுங்கினர்; அதுவும் பயன்படாமையால் 1639-இல் சென்னைக் கரையை நாடினர். பழவேற்காட்டில் அவர்களுக்கு இடம் கிடைத்திருக்குமாயின், நாம் வாழும் இராயபுரம் இன்றும் மணல்வெளியாகவே இருந்திருக்கும் என்பது நமது துணிபு.

நிற்க, இத்துணைப் போட்டி எதன்பொருட்டு என்று வினவலாம். துணியின்பொருட்டே. கீழ்த்திசைத் தீவுகளில் விளைந்த சாதிக்காய்க்கும் கிராம்புக்கும் விலையாகத் தீவினர் பெரிதும் விரும்பியது நம் நெசவாளர் நெய்த துணியை. ஆதலின் தறியிருந்த கரையைக் கையிற்கொண்டாலன்றி வாசனைத் திரவிய வியாபாரம் நடவாது. மலேயாவில் ஆடவர் உடுக்கும் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'பெலிகாட்' என்பர். இலங்கையிலும் 'பளையகாட் சாரம்' என்றே வழங்குவர். ஊர் சுருங்கியும் அதன் பெயர் கடல்கடந்து அரையில் நின்றுகொண்டிருக்கிறது.

துணியோடு மனிதரும் கப்பலேறினர். 1621-இல் பாந்தா தீவுகளைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அந்நாட்டுக் குடிகளைப் பெரும்பாலும் அழித்துவிட்டமையால், சாதிக்காய்த் தோட்டங்களுக்கும் பத்தாவியா நகரத்துக்கும் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. பஞ்சமும் படையெடுப்பும் நேர்ந்த காலங்களில், வயிற்றுக்கில்லாத தாய்தந்தையர் தம்மையும் மக்களையும் விற்க, அவர்களை அடிமைகளாகக் கப்பல்களில் ஏற்றினர். இத்துறையும் அக்கொடிய வியாபாரத்துக்கு இடமாயிருந்தது. டச்சுக்காரரின் வீரத்தையும் திறமையையும் வியந்து எழுதுவோர் இப்பகுதியை ஓரிரு வரியிற் கடந்துவிடுகின்றனர், அது முறையன்று.

கோட்டையைக் காணச் செல்வோர் ஏமாறுவர். அகழியின் சுவடும், புதர் மூடிய செங்கற் குவியலுமே எஞ்சியுள்ளன. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியும் திருப்பியும் கொடுத்து வந்த இவ்வூர், 1824-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் முற்றிலும் அவர்கள்பாற் சேர்ந்தது. அவர்களுக்கோ சென்னையிருக்க இதனால் ஆவதொன்றுமில்லை.

ஆனால் அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தை அவசியம் காண்க. தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலுள்ளது. வாயிலின் இருமருங்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. குழந்தைகளுக்கு முன்னரே சொல்லிவைத்தல் நலம். உள்ளே பாளம் பாளமான கற்களில் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துக்களும் நுணுக்கமாய்ப் பொறிக்கப்பட்டுள்ளன. பிறந்த ஊர், வகித்த பதவி, இறந்த நாள் யாவும் அவற்றிற் காணலாம். கப்பலேற்றி அனுப்பப்பட்ட நம்மவர்க்கோ இவ்வூரில் ஒரு கல்லும் இல்லை.

சின்னப் பள்ளிவாசலில் தொழுகை வேளையறிய அமைத்த நிழற்கடிகாரம் உண்டு. செம்பாறைக்கல்லாற் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியுள்ளனர். நிதானமாய்ப் பார்க்க வேண்டியவை. போர்த்துக்கீசியர் காலத்து வழிபாட்டைத் தொடரும் மகிமை மாதா ஆலயமும் அருகிலுள்ளது. முஸ்லிம் பெண்மக்கள் முடையும் வண்ணப் பனையோலைப் பெட்டிகளை வாங்காது திரும்பற்க.

ஊருக்கு வடக்கே விரிந்துள்ள ஏரி, உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடி பாரததேசத்தில் இரண்டாவது. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டைச் சார்ந்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபின், 1960 ஏப்ரல் 1-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி நம்மிடம் வந்தது. அதற்கீடாகச் செங்கற்பட்டு ஜில்லாவின் சில கிராமங்கள் அப்பாற் சென்றன. கடலுக்கும் ஏரிக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆகாயக் கப்பல்கள் எழும்புவதை இக்கரையினின்றே காணலாம்.

மீன்களுக்கு எல்லையில்லை; ஆயின் மீன்பிடித்தலுக்கு முறையுண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்னும் ஊரார், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடுவர் என்று தம்முட் சீட்டெடுத்துப் பங்கிட்டுக்கொள்வர். இதற்குப் பாடு என்று பெயர். நல்ல துறை ஒருவர்க்கே நிலையாய் அமையாதபடி அது சுழன்று வரும். ஏரிவாய் மணலால் தூர்ந்துபோகுங்காலத்து, கடல்நீரும் இறாற்குஞ்சும் உட்புகாமல் இவர்கள் படும் துன்பம் பெரிது. முகத்துவாரத்தை நிலையாய்த் திறந்துவைக்க வேண்டுமென்பது இவர்களது நெடுநாளைய வேண்டுகோள். படகில் முகத்துவாரம்வரை செல்ல விரும்புவோர், காற்றெழுமுன் காலையிலேயே சென்று திரும்புவது நன்று.