பிரகாச மாதா ஆலயம், மயிலாப்பூர்

பிரகாச மாதா ஆலயம் (லஸ் கோயில், காட்டுக்கோயில்) சென்னை மயிலாப்பூரில் போர்த்துகீசியர் எழுப்பிய கத்தோலிக்க தேவாலயம். அங்குள்ள போர்த்துகீசிய மொழிக் கல்வெட்டு இதைக் கட்டியவர் பிரான்சிஸ்கன் துறவி பெத்ரோ த அத்தூகியா என்றும், ஆண்டு 1516 என்றும் கூறுகிறது.

எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதியிலிருந்து போர்த்துகீசியர் காலக் கோயில்களைக் காண விரும்புபவர்களுக்கு முதலில் எதிர்ப்படுவது இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். அது ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில், படகுத் தொழிலாளர்கள் எழுப்பியது. சாந்தோமிலும் பழைய போர்த்துகீசியக் கோயில் இல்லை. அது இடிக்கப்பட்டு, இன்றுள்ள நவகோதிக் பேராலயம் 1896இல் நிறைவடைந்தது. ஆகவே லஸ் கோயிலின் மதிப்பு அதிகம்.

புயலில் திசை தவறிய போர்த்துகீசிய மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்தொடர்ந்து வந்து, அது மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எடுத்தனர் என்பது மரபுக்கதை. அப்போது சுற்றிலும் காடு. காட்டுக்கோயில் என்ற பெயர் அதனால் வந்தது.

கல்வெட்டின் ஆண்டை ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை. ஐயத்துக்குக் காரணம் உண்டு. புனித தோமாவின் கல்லறை எனப்பட்ட இடத்தைப் போர்த்துகீசியர் இருவர் ஆர்மீனிய வணிகர்களுடன் வந்து பார்த்தது 1517இல். அங்கே திருப்பணி தொடங்கியது 1520களில். தேடிவந்த கல்லறையைப் பார்ப்பதற்கு முந்தைய ஆண்டிலேயே, அதற்கு அப்பால் காட்டுக்குள் கற்கோயில் கட்டினார்கள் என்பது நம்பக் கடினமானது. கோயில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

அப்படிக் கொண்டாலும் இதன் தொன்மை குறைந்துவிடாது. ஸ்பானியப் பிரான்சிஸ்கன் துறவிகள் கலிபோர்னியாவில் தம் முதல் மிஷன் கோயிலை நிறுவியது 1769இல்தான். 1580 முதல் 1640 வரை போர்த்துகலும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606இல் உருவானதும் அக்காலத்தில்தான்.

சாந்தோம் 1662இல் கோல்கொண்டாப் படையிடம் வீழ்ந்தது. பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் சிறிது காலம் பிடித்து வைத்திருந்தனர். 1749இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. போர்த்துகீசியரின் கோட்டையும் மதிலும் அழிந்தன. ஒளி என்று பொருள்படும் அவர்களின் 'லூஸ்' என்ற சொல் மட்டும் 'லஸ்' ஆகி, கோயிலைச் சுற்றியுள்ள சாலைக்கும் முனைக்கும் பெயராக நிற்கிறது.