எஸ்டேட்: நிலை, நிலம், மனிதர்

வால்பாறைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தச் சொல் பழக்கம். கண்டக்டர் ஏதாவது ஓர் எஸ்டேட்டின் பெயரைச் சொல்லித்தான் ஆட்களை இறக்குவார். கிண்டியிலும் அம்பத்தூரிலும் அதே சொல்தான். ஆனால் அங்கே இருப்பவை தேயிலைச் செடிகள் அல்ல, லேத்துப் பட்டறைகள். புறநகரில் கல் ஊன்றி மனை விற்பவரும் தன் தொழிலை ரியல் எஸ்டேட் என்கிறார். மூன்றுக்கும் பொது என்ன என்று கேட்டால் நிலம் என்போம். பிறந்தபோது இந்தச் சொல்லுக்கு நிலத்தோடு எந்த உறவும் இல்லை.

லத்தீனில் 'ஸ்டாரே' என்றால் நிற்பது. அதிலிருந்து 'ஸ்டேட்டஸ்', ஒருவர் நிற்கும் நிலை. நம் 'நில்'லிலிருந்து 'நிலை' பிறந்த அதே வழி. 'நிலம்' என்பதையும் அந்த வேரோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. பழைய பிரெஞ்சுக்காரர்கள் இப்படித் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் பாட்டிகள் ஸ்கூலை இஸ்கூல் ஆக்கியது போல. அப்படி 'எஸ்டாட்' ஆனது, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்து போய் எஸ்டேட் ஆயிற்று. முன்னெழுத்து உதிர்ந்த அதன் தம்பிதான் அரசைக் குறிக்கும் 'ஸ்டேட்'. அந்தத் தம்பி பின்னால் வருவான்.

ஒருவரின் எஸ்டேட் எது என்று அன்று கேட்டால், சமூகத்தில் அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பொருள். பிரான்சில் குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாவது, மற்ற அத்தனை பேரும் மூன்றாவது. உழவரும் வணிகரும் வழக்கறிஞரும் அந்த மூன்றாவதில்தான். வரிச்சுமையைத் தாங்கியவர்களும் அவர்களே. 1614க்குப் பிறகு கூடாத மூன்று எஸ்டேட்டுகளின் சபை 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடியது. ஜூன் 17 அன்று மூன்றாம் எஸ்டேட் தன்னைத் தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டது. பிரெஞ்சுப் புரட்சியின் முதல் பெரிய அடி ஒரு பெயர் மாற்றம்தான். பத்திரிகையை நான்காவது தூண் என்கிறோமே, அதுவும் ஆங்கிலத்தில் நான்காவது எஸ்டேட்தான். படிநிலையைக் குறித்த சொல்லைத் தமிழ் தூணாக மாற்றிக்கொண்டது நல்ல காரியம்.

நிலத்தை இந்தச் சொல்லோடு கட்டிப்போட்டது இங்கிலாந்தின் சட்டம். 1066இல் நார்மன் வில்லியம் நாட்டைப் பிடித்த பிறகு, மண் எல்லாம் இறுதியில் அரசருடையது என்றானது. குடிமகனுக்கு இருந்தது அந்த மண்ணில் ஒரு 'நிலை'. ஆயுள் வரைக்குமா, வாரிசு உள்ள வரைக்குமா, இத்தனை ஆண்டு குத்தகைக்கா என்று காலத்தை வைத்து அந்த நிலையை அளந்தார்கள். அதுவே எஸ்டேட். இன்றும் அங்கே வீடு வாங்குபவர் சட்டப்படி வாங்குவது ஓர் எஸ்டேட்டைத்தான். நாளடைவில் பேச்சு வழக்கு உரிமைக்கும் மண்ணுக்கும் இருந்த வேறுபாட்டை மறந்து, மண்ணையே எஸ்டேட் என்றது.

அந்தப் பொருளோடுதான் அது நம்மிடம் கப்பலேறி வந்தது. சென்னை மாகாணத்தில் ஜமீன்கள் சட்டத்தில் எஸ்டேட் ஆயின. 1908இல் எஸ்டேட் நிலச் சட்டம், 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம். ஜமீன்தார் நடுவிலிருந்து விலக, உழவர் அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரி வந்தது.

அதே 1948இல் பாக் நீரிணைக்கு அப்பால் நடந்ததை எழுதும்போது கை கனக்கிறது. இலங்கை மலைகளில் முதலில் காப்பித் தோட்டங்கள். தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். 1869இல் காப்பி இலையில் துருநோய் தோன்றியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தொழிலாளர் குடும்பங்களுக்கு வரிசை வீடுகள். லைன் என்ற சொல் அவர்கள் வாயில் லயம் ஆயிற்று. எஸ்டேட்டை அவர்கள் தோட்டம் என்றே சொன்னார்கள்.

1948இன் குடியுரிமைச் சட்டம், முன்னோர் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாக இருந்த லயத்தில் யாரிடம் காகிதம் இருக்கும்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. எஸ்டேட், ஸ்டேட், ஸ்டேட்டஸ் மூன்றும் ஒரு வேர். எஸ்டேட்டில் பிறந்து எஸ்டேட்டிலேயே இறந்த மக்களுக்கு மற்ற இரண்டும் மறுக்கப்பட்டன. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல்.

இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கு நாட்டை நகரம், கிராமம், எஸ்டேட் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 20 ஏக்கரும் அதற்கு மேலும், குறைந்தது 10 தொழிலாளர் தங்கியிருக்கும் தோட்டம் என்றால் அது எஸ்டேட். தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழும் ஊர் அந்தக் கணக்கில் கிராமம் ஆகவில்லை. வெர்சாயில் மூன்றாம் எஸ்டேட் உதறிய பழைய பொருள், மனிதரைப் படியில் நிறுத்தும் பொருள், நுவரெலியாவில் மறுபடி உயிர் பெற்றது. நிலத்தின் பெயரால் அழைக்கப்பட்டவர்களில் பலருக்கு லயம் நிற்கும் இடத்துக்குக்கூட இன்றும் உறுதி இல்லை. அங்கே பத்திரத்தை உறுதி என்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஒரே நாளில் செய்த பெயர் மாற்றத்தை இந்த மக்களும் செய்திருக்கிறார்கள். கூலி, தோட்டக்காட்டான், எஸ்டேட் ஆட்கள் என்று பிறர் வைத்த பெயர்களைத் தள்ளிவிட்டு, தங்களை மலையகத் தமிழர் என்கிறார்கள். தமிழில் எழுதுபவர்களே, நீங்களும் அப்படியே எழுதுங்கள்.