கம்ப்யூட்டர்ல எந்த 'போர்ட்' திறந்திருக்கு? லாட்ஜ், பிரவுசிங் சென்டர் நடத்துறவங்க இதை செக் பண்ணுங்க!

பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் 'போர்ட்' என்றால் துறைமுகம், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் இடம். கம்ப்யூட்டருக்குள்ளும் போர்ட் உண்டு, ஆனால் அது வெறும் எண்தான். 0 முதல் 65535 வரையுள்ள எண்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நெட்வொர்க்கில் யாராவது கூப்பிடுவார்களா என ஒரு புரோகிராம் காத்திருந்தால் அதற்குப் பெயர் 'லிசனிங்'.

இதில் என்ன ஆபத்து?

ராமேஸ்வரம் வரும் பக்தர்கள் ரூம் எடுக்கும்போது ஆதார் நகல் கொடுக்கிறார்கள். அதை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் ரிசப்ஷன் கம்ப்யூட்டரும், ரூம்களுக்குக் கொடுக்கும் வைஃபையும் ஒரே ரவுட்டரில் இருந்தால், தங்க வந்தவரின் லேப்டாப்பே அந்த போர்ட்டைத் தட்டிப் பார்க்கலாம்.

2017 மே 12-ல் உலகை மிரட்டிய 'வான்னாக்ரை' வைரஸ் இப்படித்தான் பரவியது. ஃபைல் ஷேரிங்குக்கான 445-ம் எண் போர்ட்தான் அதன் வழி. யாரும் எந்த லிங்க்கையும் கிளிக் செய்யத் தேவையில்லை. பக்கத்து மாநிலமான கேரளாவில், வயநாடு மாவட்டம் தரியோடு பஞ்சாயத்து அலுவலக கம்ப்யூட்டர்களும் சிக்கின. ஃபைல்களைத் திறக்க பிட்காயினில் 300 டாலர் கேட்டது. இந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

விண்டோஸில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, நெட்வொர்க் பகுதியில் 'லிசனிங் போர்ட்ஸ்' பாருங்க. புரோகிராம் பெயர், அதன் பிஐடி எண், போர்ட் எண் எல்லாம் வரிசையாக வரும். முகவரியில் 'லூப்பேக்' என்றிருந்தால் அந்த கம்ப்யூட்டருக்குள் மட்டும் பேசுவது, பயம் வேண்டாம். 'அன்ஸ்பெசிஃபைடு' என்றிருந்தால் எல்லா நெட்வொர்க்குக்கும் காது கொடுக்கிறது. அதில் கடைசியில் ஃபயர்வால் அனுமதித்திருக்கிறதா என்றும் பாருங்க.

445 இருந்தாலே வைரஸ் என்று பதற வேண்டாம், விண்டோஸில் அது சாதாரணம். 3389 இருந்தால் 'ரிமோட் டெஸ்க்டாப்' ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். எப்போதோ சர்வீஸுக்கு வந்தவர் போட்டுவிட்டு மறந்த 'எனிடெஸ்க்' கூட இந்த லிஸ்ட்டில் தலைகாட்டலாம்.

தெரியாத பெயர் வந்தால்? டாஸ்க் மேனேஜரின் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் அதே பிஐடி-யைத் தேடி, ரைட் கிளிக் செய்து, ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பாருங்க. விண்டோஸ் புரோகிராம் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படலாம். உடனே நெட் இணைப்பைத் துண்டித்து ஸ்கேன் செய்யுங்க.

லாட்ஜ்காரர்கள் ரூம்களுக்கு ரவுட்டரில் தனியாக 'கெஸ்ட் வைஃபை' போட்டுக் கொடுப்பது நல்லது. ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்ஸை 'பப்ளிக்' என மாற்றினால், வழக்கமான ஃபயர்வால் செட்டிங்கில் ஃபைல் ஷேரிங் வெளியாட்களுக்குக் கிடைக்காது.